உலை ஆறட்டும்

தையல்காரனுக்குக் கை சும்மா இருக்காது. அடுப்பில் சோறு கொதித்தால் மூடியைத் திறந்து பார்ப்பான். மூடிவிட்டு நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து இன்னொரு தரம் திறப்பான். புதிதாய்ப் பெயின்ட் அடித்த கதவில் 'தொடாதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தால், காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்கிற முதல் ஆள் அவன்தான். தொட்டிலில் கிடந்த வயதிலேயே சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிடுங்குவான் என்று அவன் அம்மா சொல்வாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். ஆனாலும் முழுப் பொய் இல்லை.

அப்படிப்பட்டவனைப் போய் உலைக்குக் காவல் வைத்தாள் அவன் மனைவி. வேறு ஆள் கிடைக்கவில்லை, என்ன செய்வாள் பாவம்.

அவள் பல்கலைக்கழகத்தில் செராமிக் பொறியியல் துறையில் பாடம் எடுக்கிறவள். தெருவில் அவளுக்கு மண்ணு டீச்சர் என்று பெயர். சட்டி பானை செய்யக் கற்றுக்கொடுக்கிறாள் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் அவளும் விடாமல் விளக்கிப் பார்த்தாள்: மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைக் குமிழ், பல் டாக்டர் கட்டுகிற பல், இரும்பு உருக்குகிற உலைக்கு உள்சுவர், எல்லாமே இந்தப் படிப்பில் வருகிறதுதான் என்று. கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டிவிட்டு, "அப்போ எங்க வீட்டுப் பூந்தொட்டி விரிசல் விட்டிருக்கு, கொஞ்சம் ஒட்டித் தர முடியுமா?" என்றார்கள். அதற்கப்புறம் அவள் விளக்குவதை விட்டுவிட்டாள்.

பாடம் எடுப்பது என்னவோ நிரந்தர ஆசிரியர் மாதிரிதான். வேலை மட்டும் ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் கோடை வந்தால் வீட்டில் ஒரு மௌனம் வந்துவிடும். அடுத்த வருஷத்துக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரிகிறவரைக்கும் யாரும் உரக்கச் சிரிக்கக்கூட மாட்டார்கள். கூப்பிட்டுவிட்டால் அன்றைக்குத் தையல்காரன் கடையை மூடிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வருவான். இப்படியே மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், பல் விழுந்து முளைத்தும் விட்டது.

இந்த வருஷம் மூத்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. இறுதிச் சுற்றுக்கு இரண்டு பேர். ஒருத்தி மண்ணு டீச்சர். இன்னொருவர் அதே துறையில் கண்ணாடி பற்றிப் பாடம் எடுக்கிற ஒப்பந்தக்காரர். பிள்ளைகள் அவரைக் கண்ணாடி சார் என்பார்கள். அவர் சின்னவர், இன்னும் காலம் இருக்கிறது. டீச்சருக்கு அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இது போனால் போனதுதான்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். நிரந்தர வேலைக்கு வருகிறவர், தன் கையால் செய்து, துறையின் உலையிலேயே சுட்டெடுத்த பொருள் ஒன்றை மேஜையில் வைத்து, அதைக் கொண்டே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். தேர்வுக் குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும். பட்டங்களையெல்லாம் அதற்கு அப்புறம்தான் புரட்டுவார்கள்.

டீச்சர் முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய் செய்திருந்தாள். அழுக்குத் தண்ணீரை உள்ளே விட்டால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகச் சுத்தமாகக் கசிந்து வெளியே வரும். இரண்டு முனையிலும் மட்டும் பளபளவென்று மெருகுப் பூச்சு. கூடவே, தண்ணீர் புகாத பீங்கானுக்கு உதாரணம் காட்ட உள்ளங்கை அகல வட்டு ஒன்று. உலைக்கு முறை வைத்திருந்தார்கள்; கண்ணாடி சார், தன் முறையை இவளுக்கு முதலில் விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சின்ன உலையில் தன் வேலையை முடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சுட்டு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உலை ஆற வேண்டும். திங்கட்கிழமை பாடம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்து, உலையைப் பார்த்துக்கொள்கிற ஃபோர்மேன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீங்கின முகத்தோடு படுத்துவிட்டார். நுழைவுத் தேர்வுக்கு மேற்பார்வை பார்க்க வா என்று டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த மாதிரி வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் தலையில்தான் விடியும். உலையில் சூடு இருக்கும்போது அறையில் ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதனால்தான் தையல்காரன் போக வேண்டியதாயிற்று.

அறைக்குள் கூட்டிப்போய் அவனை ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். பெரிய ஃபிரிட்ஜ் மாதிரி இரும்புப் பெட்டி. நெற்றியில் சிவப்பு எண்கள்.

"கதவைத் தொடவே கூடாது. அந்த எண் நூறுக்குக் கீழ வரணும். வந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க. நான் வந்து திறக்கறேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கணும். அதான் வேலை."

"இதுக்கா நீ அத்தனை வருஷம் படிச்சே?"

"ஆமா. ஒண்ணும் பண்ணாம இருக்கக் கத்துக்கத்தான் அத்தனை வருஷம் ஆச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். படியில் இறங்கும்போதும் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

தையல்காரன் கையோடு நாலு சட்டை கொண்டுவந்திருந்தான். காஜா எடுத்தான், பொத்தான் தைத்தான். எல்லாம் முடிந்தது. எழுந்து அறையைச் சுற்றினான். மாவு மாதிரி வெள்ளைப் பொடி மூட்டைகள். காய்ந்த களிமண் ஒட்டிக்கொண்ட வாளிகள். ஜன்னல் விளிம்பில் பிள்ளைகள் செய்து கோணிப்போன கிண்ணங்கள். கழுவுகிற தொட்டியின் குழாய்க்குக்கூட வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு மண் வாசனை. இந்த அறையைப் பற்றித்தான் அவள் சாப்பிடும்போதெல்லாம் பேசுவாள். இன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்தது.

காலையில் மளமளவென்று இறங்கின எண், மதியத்துக்கு மேல் முந்நூறுக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்று குறையும், அப்புறம் அவன் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டீ ஊற்றிக் குடித்து முடித்தாலும் அதே எண். இப்படியே போனால் எப்போது நூறு வருவது? அவள் எப்போது குழாயை எடுத்துத் துடைத்து, முனையைத் தேய்த்து, நாளைக்குப் பாடம் தயார் பண்ணுவது? ஒரு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் ஆறினால் இன்றைக்காவது நேரத்தோடு படுப்பாள் அல்லவா.

இவன் கை எப்போதும் உதவி என்கிற பெயரில்தான் வம்பை விலைக்கு வாங்கும். கைப்பிடியைப் பிடித்தான், ஒரு விரல் இடைவெளிதான், இழுத்தான். சூடான காற்று முகத்தில் அடித்தது. எண் தடதடவென்று படியிறங்க ஆரம்பித்தது. 'இவ்வளவுதானே விஷயம், இதுக்குப் போய்' என்று அவன் மனதுக்குள் சொல்லி முடிக்கவில்லை.

டிங்.

கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். கதவை அறைந்து சாத்தினான்.

முக்காலியில் உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவளுடைய ஆராய்ச்சிப் படிப்பு நடந்த வருஷங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கடையில் துணி வெட்டுகிற மேஜையின் ஒரு பாதியில் அவள் புத்தகம். மறு பாதியில் இவன் கத்தரிக்கோல். சாக்கட்டித் தூள் இல்லாத ஒரு பக்கம்கூட அவள் ஆய்வேட்டில் இருக்காது. சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான், மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். அதையெல்லாம் அவன் ஒரு நாளும் தியாகம் என்று நினைத்ததில்லை. அவள் ஜெயிக்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. கடைசியில் அதைத் தன் கையாலேயே உடைத்தாயிற்று.

சாயங்காலம் எண் நூறுக்குக் கீழே வந்ததும் போன் பண்ணினான். குரல் அவனுக்கே வேறு யாரோ மாதிரி இருந்தது. அவள் தேர்வு மண்டபத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, கையுறை மாட்டி, கதவைத் திறந்தாள். குழாய் ஒரு முனையிலிருந்து பாதி நீளத்துக்குப் பிளந்திருந்தது. எடுக்கும்போதே ஒரு துண்டு தனியாகக் கழன்று வந்தது. வட்டு இரண்டாகக் கிடந்தது.

அவள் அழவில்லை. துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், கையுறையைக் கழற்றிவிட்டு, உடைந்த இடத்தில் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். முதலில் குழாயை, அப்புறம் வட்டை, திரும்பவும் குழாயை. பிறகு ஒருதரம் தையல்காரனைப் பார்த்தாள்.

"போலாம்," என்றாள். துண்டுகளைத் துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீடு கடைக்கு மேலே. தையல்காரனின் அம்மா சோறும் முட்டையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அம்மா, குழாய் வந்துச்சா?" என்று மகள் ஓடிவந்தாள். "வந்துச்சுடா கண்ணு. துண்டு துண்டா வந்துச்சு," என்று டீச்சர் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தையல்காரன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்; ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை.

அம்மாவுக்கு யார்மேலாவது கோபப்பட்டாக வேண்டும். கண்ணாடி சார் மேல் பாய்ந்தாள். அவன்தானே போட்டிக்கு நிற்கிறவன், அவன்தான் ஏதாவது செய்திருப்பான், முறையை விட்டுக்கொடுத்தான் என்றபோதே தனக்குச் சந்தேகம் என்றாள். டீச்சர், "பாவம் அத்தை, அந்த மனுஷன் தங்கமானவரு," என்று தடுத்துப் பார்த்தாள். அம்மா கேட்கிறவளா? நாளைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போய் நாலு பேர் முன்னால் அவனைக் கேட்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அதுவரை சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டிருந்த தையல்காரனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதம்மா. நான்தான் திறந்தேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எண் இறங்கவே இல்ல. சீக்கிரம் ஆறினா இவ கொஞ்சம் தூங்குவாளேன்னு ஒரு விரல் அளவுதான் திறந்தேன். உடனே சத்தம் வந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல." மனைவி பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. தட்டைப் பார்த்தே சொன்னான்: "உன் இத்தனை வருஷத்தையும் நான் உடைச்சிட்டேன்."

டீச்சர் எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்தாள். தட்டை நகர்த்திவிட்டுத் துண்டுகளை அவன் முன்னால் வைத்தாள்.

"கையைக் கொடுங்க. இந்த வட்டு உடைஞ்ச இடத்தைத் தடவுங்க. மெதுவா."

தடவினான். சுருக்கென்றது. சவர பிளேடு மாதிரி கூர்; கட்டைவிரலில் கோடு போட்ட மாதிரி ரத்தம் எட்டிப் பார்த்தது.

"இப்போ குழாயைத் தடவுங்க. முனையில, அந்தப் பளபளப்பு இருக்கிற இடத்துல."

அது வழவழவென்று இருந்தது. உடைந்த விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. மெருகுப் பூச்சு விரிசலுக்குள்ளே வழிந்து போய் உறைந்திருந்தது.

"உடைஞ்சதுக்கு அப்புறம்தான் பூச்சு உருகி உள்ள போயிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? சூடு ஏறும்போதே இது விரிசல் விட்டாச்சு. நேத்தே. நீங்க வந்து உக்காரும்போது உள்ள உடைஞ்சுதான் இருந்துச்சு. வட்டு கூரா இருக்கு. அது ஆறும்போது உடைஞ்சது. நீங்க கேட்ட சத்தம் அதுதான்."

தையல்காரனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்போ குழாய் எதுக்கு உடைஞ்சது?"

"சுடறதுக்கு முன்னாடி ஒழுங்கா காயல. காலையும் சாயங்காலமும் திருப்பித் திருப்பி வைக்கணும். ஒருநாள் போகல, திருப்பல. ஒரு பக்கம் மட்டும் காஞ்சு இழுத்திருக்கு."

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடை மலை மாதிரி குவிந்து கிடந்தது. அவள் லீவு போட்டுவிட்டு வந்து, அன்று முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் பாடிக்கொண்டே தைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

"அப்போ இதுவும் என்னாலதான்," என்றான்.

"நீங்க கூப்பிட்டீங்களா? நானா வந்து உக்காந்தேன். எனக்கு அன்னிக்கு அங்க உக்காரணும்னு இருந்துச்சு, உக்காந்தேன். சின்னது உங்க கணக்கு, பெருசு என் கணக்கு. கலக்காதீங்க."

"அங்கயே, தடவிப் பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"ஆறட்டும்னு விட்டேன். அவசரப்பட்டுத் திறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ல?"

தையல்காரன் அழுதுவிட்டான். வளர்ந்த ஆள் மகள் முன்னால் அழுகிறோமே என்கிற கூச்சம்கூட இல்லாமல் அழுதான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டு பேரும் கணக்குப் பிரிச்சது போதும், சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, மகனுடைய கட்டைவிரலை இழுத்து மஞ்சள்பொடியை வைத்து அமுக்கினாள். கொஞ்சம் பலமாகவே அமுக்கினாள்.

நாளைக்கு எதைக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. பழைய குழாய் ஏதாவது இருக்கிறதா என்று இவன் கேட்டான். இருந்தது, ஆனால் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். உடைந்ததையே கொண்டுபோகிறேன் என்றாள். முழுசாக வந்த பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் பாடம் எடுக்கலாமாம். தையல்காரன் இறங்கிக் கடைக்குப் போய், துண்டுகளை அளந்து, உள்ளே பஞ்சு வைத்துத் தனித்தனி அறை பிரித்து ஒரு பை தைத்துக்கொண்டுவந்தான். மேற்கொண்டு ஒரு சில்லுகூட உடையக்கூடாது.

திங்கட்கிழமை வகுப்புக்கு வெளியே, தாழ்வாரத்து பெஞ்சில் அவனும் கண்ணாடி சாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பாடம் முதலிலேயே முடிந்துவிட்டது. பச்சை நிறத்தில் அவர் செய்த கிண்ணத்தில் ஒரு குமிழி கிடையாது, அத்தனை அழகு. தையல்காரன் அதைப் பார்த்துப் பார்த்து நொந்துகொண்டிருந்தான். அவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தான்.

உள்ளே குரல் கேட்டது. வெளியூரிலிருந்து வந்த குழு உறுப்பினர் ஒருவர், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவராம், "உடைஞ்சதையா கொண்டுவந்தீங்க?" என்றார். "ஆமாங்க," என்றாள் டீச்சர். துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றி, தடவிப் பார்க்கச் சொன்னாள். எது கூர், எது மழுங்கல், பூச்சு எங்கே வழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதிலை அவள் சொல்லவே இல்லை. பிள்ளைகளே தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தார்கள். "இது சூடு ஏறும்போது உடைஞ்சது டீச்சர்!" என்று ஒரு பெண் கத்தியதும் வகுப்பே கலகலத்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை நீண்டு, "அதை இங்கயும் கொடுங்க," என்று வாங்கிக்கொண்டது. எரிந்து விழுகிறவருடைய கைதான்.

தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சரி, வட்டு ஆறும்போது உடைஞ்சிருக்கு. யார் கதவைத் திறந்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

கொல்லென்று சிரிப்பு. தாழ்வாரத்தில் தையல்காரன் சுவரோடு சுவராகப் போய்விடலாமா என்று பார்த்தான்.

அவள் சிரிப்பு அடங்குகிறவரைக்கும் காத்திருந்தாள். "நான் தூங்கணும்னு திறந்தாரு. பெருசு உடைஞ்சது என் தப்பு, காய வைக்கறதுல. இதையும் சொல்லிடறேன்: இந்த உலை ஒருநாள் ஆறலன்னு அவசரப்பட்டாரு, அவ்வளவுதான். நான் படிச்சு முடிக்க ஆன அத்தனை வருஷமும் ஒருநாள்கூட அவசரப்படல. அவர் இல்லைன்னா நான் இங்க நிக்கவே மாட்டேன்."

தையல்காரன் குனிந்து, செருப்பு வாரை எதற்கோ அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி சார் அவன் தோளில் கை வைத்தார்.

"என் வீட்டம்மா இப்படி ஒருதரம் சொன்னா, நான் பத்து உலையைத் திறப்பேங்க," என்றார்.

வேலை டீச்சருக்கே கிடைத்தது. முதலில் ஓடிவந்து சொன்னது கண்ணாடி சார்தான்; சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த பேன்ட்டை இடுப்பில் கொஞ்சம் பிரித்துவிடச் சொன்னார். அம்மா அவருக்கு இரண்டு தரம் டீ போட்டுக்கொடுத்தாள். ஏன் இத்தனை உபசாரம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இனிக் கோடை வந்தாலும் வீட்டில் மௌனம் வராது. ராத்திரி படுக்கும்போது தையல்காரன் யாருக்கென்று இல்லாமல், எல்லோருக்கும் சேர்த்து, நல்லா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் டீச்சர் கடைக்குள் வந்து, அந்த வட்டின் இரண்டு பாதியையும் மேஜைமேல் வைத்தாள். துணி வெட்டும்போது காற்றில் பறக்காமல் மேலே வைக்க நல்ல கனம், வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். தையல்காரன் பழக்க தோஷத்தில் உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். கூர் இல்லை. சாணைச் சக்கரத்தில் வைத்து விளிம்பு முழுவதையும் தேய்த்து உருட்டியிருந்தாள்.

"இதை எதுக்குத் தேய்ச்சே?"

"துணி கிழியும்ல."

அவன் இன்னொரு தரம் தடவினான். "அப்போ இது எப்போ உடைஞ்சதுன்னு..."

"இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"உன்னால?"

"என்னாலயும்தான்," என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வெட்டக் காத்திருந்த துணியின் இரு பக்கமும் பாதிப் பாதியாக வைத்தான். ஒரு பாதியின்மேல் கையை வைத்தான். அந்தக் கை, அங்கேயே, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.